நிற்கும் கார் ஓய்வெடுப்பதில்லை

மாணவர்களே, 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதியை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கோவிட்-19 தொற்றைத் தடுக்க நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள் அது. முதலில் இரண்டு வாரம் என்றுதான் அறிவித்தார்கள். பிறகு அது நீண்டுகொண்டே போனது. மே 4ஆம் தேதி நிபந்தனைகள் தளர்த்தப்பட்டபோது 47 நாள்கள் கடந்திருந்தன. அத்தனை நாளும் ஈப்போவின் தாமான்களிலும் சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளிலும் பெரும்பாலான கார்கள் வாசலிலேயே நின்றன.

தளர்வு வந்ததும் ஆசையோடு சாவியைத் திருப்பியவர்களில் பலருக்கு 'டக்' என்ற சத்தம் மட்டுமே பதிலாகக் கிடைத்தது. சில கார்கள் ஸ்டார்ட் ஆயின. ஆனால் பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் நகர மறுத்தது. சிலவற்றில் கதவைத் திறந்ததும் பூஞ்சணம் பிடித்த இருக்கைதான் வரவேற்றது.

"டீச்சர், ஓடினால்தானே தேயும்? சும்மா நிற்கிற கார் எப்படிக் கெட்டுப்போகும்?" என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஓடும்போது ஏற்படும் உராய்வு மட்டும்தான் ஒரு பொருளைக் கெடுக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேதியியல் வினைகளுக்கு உராய்வு தேவையில்லை. காற்றும் ஈரமும் வெப்பமும் நேரமும் இருந்தால் போதும். நம் நாட்டில் இவை நான்குக்கும் பஞ்சமே இல்லை.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்ய, ஊரில் தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் வீடுகள் பேராக்கில் நிறைய உண்டு. அந்த வீட்டுக் கார் மாதத்தில் இரண்டு முறைதான் வெளியே போகும். ஒருமுறை கோயிலுக்கு, ஒருமுறை மருத்துவமனைச் சோதனைக்கு. அடிக்கடி ஓடாத அந்தக் கார்தான் அவசரத்துக்கு உடனே கிளம்ப வேண்டிய காரும்கூட. அதை அப்படித் தயாராக வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அறிவியலின் துணையோடு பார்ப்போம்.

பேட்டரி: ஒரு சிறு கணக்கு

காரில் உள்ள ஈய அமில பேட்டரியை 1859இல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே. 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. உள்ளே ஆறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறையும் கூட்டினால் 12.6 வோல்ட். முழுதாகச் சக்தி ஏறிய நல்ல பேட்டரியின் அளவு இதுதான்.

ஒவ்வொரு கலத்திலும் ஒரு தகடு ஈயம், இன்னொன்று ஈய டைஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். பேட்டரி மின்சாரம் தரும்போது நடக்கும் வினை இது:

ஈயம் + ஈய டைஆக்சைடு + கந்தக அமிலம் → ஈய சல்பேட் + நீர்

கார் ஓடும்போது ஆல்டர்னேட்டர் இந்த வினையைத் திருப்பி நடத்துகிறது. ஈய சல்பேட் மறைந்து பழைய தகடுகளும் அமிலமும் மீள்கின்றன. கார் ஓடாவிட்டால் திருப்புவதற்கு யாருமில்லை.

காரைப் பூட்டிவிட்டால் மின்சாரச் செலவும் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். திருட்டு எச்சரிக்கை மணி, கடிகாரம், சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் பூட்டு, இன்ஜின் கணினியின் நினைவகம் ஆகியவை இரவும் பகலும் சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். பல கார்களில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். வண்டியில் பின்னால் பொருத்திய கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ இருந்தால் இன்னும் கூடும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஒரு பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி. கசியும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர். கட்டுப்பாட்டு ஆணையின் 47 நாள்களில் எவ்வளவு செலவாகியிருக்கும்?

47 × 24 = 1,128 மணி நேரம்

1,128 × 0.03 = ஏறக்குறைய 34 ஆம்பியர்-மணி

45இல் 34 போய்விட்டது. எஞ்சியது கால் பங்குதான். இன்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில வினாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். கால் பங்கு பேட்டரியால் அதைத் தர முடியாது. அந்த 'டக்' சத்தத்தின் விளக்கம் இந்த இரண்டு வரிக் கணக்கில் இருக்கிறது.

இது போதாதென்று, எதையும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே மெல்லச் சக்தி இழக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த இழப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெயிலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள்.

சக்தி இழந்த பேட்டரியை அப்படியே விட்டுவைப்பதுதான் இன்னும் பெரிய தீங்கு. தகட்டின்மேல் படிந்த ஈய சல்பேட் முதலில் நுண்ணிய படிகங்களாக இருக்கும். வாரக்கணக்கில் விட்டால் அவை பெரிய, கடினமான படிகங்களாக வளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுதாகக் கரையாது. இதைச் சல்பேட் படிதல் என்பார்கள். அந்த பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

தீர்வுகள் மூன்று. முதலாவது, வாரம் ஒருமுறை காரை ஓட்டுவது. இரண்டாவது, ஒரு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது என்று தெரிந்தால் பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி வைப்பது. மூன்றாவது, பேட்டரி நிறைந்ததும் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரை மாட்டி வைப்பது.

கழற்றும்போது எப்போதும் எதிர்முனைதான் முதலில். மாட்டும்போது அது கடைசியில். ஏன் என்று சிந்தியுங்கள். காரின் உலோக உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிக் காரின் உடலைத் தொட்டால், ஸ்பேனர் வழியாகவே குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். எதிர்முனையை முதலில் விலக்கிவிட்டால் அந்தச் சுற்று முழுமையாகாது.

மின்சாரக் காருக்கும் இதில் விலக்கு இல்லை. ஓட்டத்துக்கான பெரிய பேட்டரி தனியாக இருந்தாலும், கதவு, விளக்கு, கணினி ஆகியவற்றுக்கு அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் கிளம்பாது.

பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதுமா?

கட்டுப்பாட்டுக் காலத்தில் பல வீடுகளில் தினமும் காலையில் காரை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பலன் குறைவு. சில வேளைகளில் தீமையும் உண்டு.

பெட்ரோலில் உள்ள ஆக்டேன் எரியும் வினையைப் பாருங்கள். ஒரு மூலக்கூறு ஆக்டேனில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது முழுதாக எரிந்தால் 8 மூலக்கூறு கரிவளியும் 9 மூலக்கூறு நீரும் உண்டாகும். மோல் கணக்கில் சொன்னால் 114 கிராம் ஆக்டேன் எரிந்து 162 கிராம் நீரைத் தருகிறது. ஒரு லிட்டர் ஆக்டேனின் நிறை ஏறக்குறைய 700 கிராம். ஆகவே ஒரு லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர்! பெட்ரோலும் ஏறக்குறைய இதே அளவுதான் தரும். காலையில் கிளம்பும் காரின் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த நீர்தான்.

நீண்ட தூரம் ஓடும்போது இன்ஜினும் புகைக்குழாயும் நன்றாகச் சூடேறி இந்த நீரை ஆவியாகவே வெளியேற்றிவிடும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால் போதிய சூடு ஏறாது. 100 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய அதே அளவு நீர் உண்டாகி, அதில் ஒரு பகுதி புகைக்குழாயின் உட்புறத்தில் தங்கித் துருவை வளர்க்கும். இன்னொரு பகுதி இன்ஜின் எண்ணெயில் கலக்கும். எண்ணெயில் நீர் சேரச் சேர, எரிபொருளின் எச்சங்களோடு கூடி அமிலமும் கசடும் உண்டாகும்.

பேட்டரிக்கும் இதில் பெரிய ஆதாயம் இல்லை. மெதுவாகச் சுழலும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் குறைந்த மின்சாரமே தரும். ஸ்டார்ட் செய்யச் செலவானதை மீட்டுக்கொண்ட பிறகு எஞ்சுவது கொஞ்சம்தான். குளிரூட்டியும் விளக்கும் போட்டிருந்தால் அந்தக் கொஞ்சமும் இருக்காது.

எனவே தினமும் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டுவதைவிட, வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் சாலையில் ஓட்டுவது சிறந்தது. ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வரை போய்த் திரும்புவது போன்ற ஓட்டம். இன்ஜின் சூடேறும், டயர் சுழலும், பிரேக் தேயும், குளிரூட்டியின் கம்ப்ரஸருக்குள் எண்ணெய் ஓடும். ஓர் ஓட்டத்தில் நான்கு வேலை முடியும். காரைச் சாலையில் எடுக்க வேண்டுமானால் சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இருக்க வேண்டும் என்பதையும் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள். அடிக்கடி ஓடாத கார்களில் இவை காலாவதியானதே தெரியாமல் போய்விடும்.

டயர்: நம் தோட்டத்துப் பாலின் கதை

பேராக் மாணவர்களுக்கு டயர் அந்நியப் பொருள் அல்ல. பிரேசிலில் சேகரித்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக 1877இல் கோலகங்சாருக்குக் கன்றுகளாக வந்தன. அவற்றுள் ஒன்று எனக் கருதப்படும் முதிய மரம் இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகில் நிற்கிறது. உங்கள் பாட்டன் பாட்டி இருட்டோடு எழுந்து மரம் வெட்டி மங்கில் சேர்த்த பால்தான் உலகமெங்கும் டயராக உருண்டது. தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் டயரின் கலவையில் இயற்கை ரப்பர் இன்னும் இடம்பெறுகிறது.

ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலி. வெறும் ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே பாலம் கட்டுகின்றன. ஐந்தாம் படிவ வேதியியலில் வல்கனைசேஷன் என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

அந்தச் சங்கிலியில் ஒரு பலவீனம் உண்டு. அதில் இடையிடையே கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஓசோன் அந்த இரட்டைப் பிணைப்பைத் தாக்கி வெட்டிவிடும். ரப்பர் இழுபட்டிருக்கும் இடத்தில் வெட்டு விரிந்து வெடிப்பாகும். பழைய டயரின் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள்.

இதைத் தடுக்க டயர் செய்யும்போதே கலவையில் ஒருவகை மெழுகும் பாதுகாப்பு வேதிப்பொருளும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது அந்த மெழுகு மெல்ல மேற்பரப்புக்கு வந்து மெல்லிய போர்வையாகப் படியும். நிற்கும் டயர் வளைவதில்லை. அதனால் புதிய மெழுகும் போதிய அளவு மேலே வருவதில்லை. ஓடாத காரின் டயர், தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், வயதால் வெடிப்பது இதனால்தான். பட்டனைப் பார்த்து "இன்னும் நன்றாக இருக்கிறதே" என்று முடிவு செய்யக்கூடாது.

டயரின் வயதை அறிய ஒரு வழி உண்டு. பக்கவாட்டில் டிஓடி என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பத்து ஆண்டு கடந்த டயரைத் தேய்மானம் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது அழுத்தம். டயரின் உட்புறத்தில் காற்று எளிதில் ஊடுருவாத பியூட்டைல் ரப்பர் பூசப்பட்டிருக்கும். அப்படியும் காற்று மாதந்தோறும் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஒரு மாதத்தில் 7 முதல் 14 கிலோபாஸ்கல் குறைவது இயல்பு. இதன் விளைவை இயற்பியல் பாடத்தில் படித்த 'அழுத்தம் = விசை ÷ பரப்பு' என்ற வாய்பாட்டால் கணக்கிடலாம்.

1,000 கிலோகிராம் எடையுள்ள காரில் ஒரு டயரின்மேல் விழும் விசை ஏறக்குறைய 2,500 நியூட்டன். டயரின் அழுத்தம் 220 கிலோபாஸ்கல் என்றால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 114 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கை அளவு. அழுத்தம் 150 ஆகக் குறைந்தால் அது 167 சதுர சென்டிமீட்டராகும். அதாவது டயர் மேலும் நசுங்கித் தட்டையாகிறது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நசுங்கி நின்றால் அந்தத் தட்டை வடிவம் டயரில் பதிந்துவிடும். ஓட்டும்போது 'தட தட' என்று அதிரும். சில வார நிறுத்தத்தால் வந்த தட்டை, டயர் சூடேறியதும் மறையும். பல மாத நிறுத்தத்தால் வந்தது மறையாமலும் போகலாம்.

எனவே நீண்ட நாள் நிறுத்தும் முன், ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் காட்டிய அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரை ஓரடியாவது முன்னும் பின்னும் நகர்த்தினால் பாரம் தாங்கும் இடம் மாறும்.

பிரேக்கும் துருவும்

தமிழ்ப்பள்ளியில் ஆணியை வைத்துச் செய்த துருப்பிடித்தல் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரும்புக்கு நீரும் உயிர்வளியும் ஒருசேரக் கிடைத்தால் துரு வரும். ஒன்றை விலக்கினால் வராது. ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் அதிகம்.

காரில் சாயம் பூச முடியாத இரும்புப் பாகம் ஒன்று உண்டு. அதுதான் பிரேக் வட்டு. வார்ப்பிரும்பால் ஆன அதைப் பிரேக் கட்டை உரசிப் பிடிக்க வேண்டும் என்பதால் சாயமோ எண்ணெயோ பூச இயலாது. காரைக் கழுவிய மறுநாளே அதில் செம்மஞ்சள் படலம் தெரியும். அஞ்ச வேண்டாம், நாலு முறை பிரேக் பிடித்தால் அது தேய்ந்து போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் துரு ஆழமாகி வட்டில் குழிகள் விழும். பிரேக் கட்டையும் வட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டே நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். பின்சக்கர டிரம்முக்குள் கட்டைகள் அழுத்திய நிலையிலேயே துருவால் பிணைந்துவிடும். ஆகவே சமதரையில் நீண்ட நாள் நிறுத்தும்போது சக்கரங்களின் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, தானியங்கிக் காரானால் 'பி' நிலையிலும், கியர் காரானால் முதல் கியரிலும் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்திவிடலாம். வாசல் சரிவாக இருந்தால் மட்டும் இதைச் செய்யக்கூடாது. அங்கே கார் உருளாமல் இருப்பதுதான் முதல் கவனம்.

பிரேக் எண்ணெயும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டிஓடி 3 என்ற வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடு ஏறும். ஈரம் கலந்த எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டானால் மிதியை அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. திரவத்தை நசுக்க முடியாது. ஆவியை நசுக்கலாம் என்பதே காரணம். கார் குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

எரிபொருளும் எண்ணெயும்

பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். இன்ஜின் சட்டென்று பற்ற உதவுவது அந்தப் பகுதிதான். எஞ்சியதில் சில மூலக்கூறுகள் உயிர்வளியோடு வினைபுரிந்து பிசின் போன்ற பொருளாகும். அது எரிபொருள் தெளிக்கும் நுண்துளைகளை அடைக்கும். சில மாதம் வரை கவலையில்லை. ஆறு மாதம், ஓராண்டு என்று போகும்போது சிக்கல் வரும். நீண்ட நாள் நிறுத்தும் முன் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும். ஆவியாவதும், பழைய இரும்புத் தொட்டிகளில் ஈரம் படிவதும் குறையும்.

டீசல் வண்டிக்கு வேறொரு கவனம் தேவை. நம் நாட்டில் வாகனங்களுக்கான டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த உயிரி டீசல் கலக்கப்படுகிறது. அது சாதாரண டீசலைவிட அதிகம் ஈரத்தை ஈர்க்கும். டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைக்கக்கூடும். நீண்ட நாள் நின்ற டீசல் வண்டியில் வடிகட்டியில் தேங்கிய நீரை வடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இன்ஜின் எண்ணெயைப் பொறுத்தவரை கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது; மாதக் கணக்கும் வேண்டும். பழைய எண்ணெயில் எரிதலால் வந்த அமிலமும் நீரும் கலந்திருக்கும். அந்த எண்ணெயோடு ஆறு மாதம் நிறுத்தினால் உள் பாகங்கள் அமிலத்தில் ஊறியபடி இருக்கும். எண்ணெயை நிறுத்தும் முன்பே மாற்றுவது நல்லது. ஓட்டத் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அதற்குள் கெடுதல் நடந்திருக்கும்.

அழையா விருந்தாளிகள்

செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளில் எலித் தொல்லை எல்லாரும் அறிந்ததே. நகராத கார் எலிக்கு மழை நனையாத வீடு. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் எதையாவது கடித்துத் தேய்க்க வேண்டும். வயரின் உறை அதற்கு வாகாக இருக்கிறது. காரில் உணவுத் துணுக்கு எதையும் விடக்கூடாது. வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்தாலே பாதித் தொல்லை குறையும். கூடு, எச்சம், கடித்த வயர் எதைக் கண்டாலும் ஸ்டார்ட் செய்யும் முன் பட்டறையில் காட்டுங்கள்.

பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரம், வெதுவெதுப்பு, உணவு. இருக்கைத் துணியில் ஊறிய வியர்வையும் சிந்திய மைலோவும் அதற்குப் போதுமான உணவு. காரை உள்ளே நன்றாகச் சுத்தம் செய்து உலர்த்தி, வெயில் அடிக்கும் நாளில் கொஞ்ச நேரம் கதவுகளைத் திறந்து வையுங்கள். மூடி போடுவதானால் காற்றுப் புகும் துணி மூடியே நல்லது. பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். நாம் துருவுக்கு உதவியது போலாகிவிடும்.

கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்கு அருகில் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரின்மேல் படிந்த கல்தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் சாயத்தில் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, பிறகே துடைக்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: மூடிய இடத்தில் காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து விடக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் விருப்பத்தோடு அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நின்ற காரில் தூங்குவதும் இதே காரணத்தால் ஆபத்து.

இரண்டு: சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு தீப்பொறி போதும், அமிலத்தோடு வெடித்துச் சிதற. பேட்டரி அருகில் புகைக்கவோ தீக்குச்சி கிழிக்கவோ கூடாது. இன்னொரு காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது, கடைசி இணைப்பை இறங்கிய பேட்டரியின் எதிர்முனையில் கொடுக்காமல், சற்றுத் தள்ளி இன்ஜினின் வெறும் உலோகப் பகுதியில் கொடுப்பது இதனால்தான். இவற்றைப் பெரியவர்களோ மெக்கானிக்கோ செய்யட்டும். நீங்கள் அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் நிறுத்தம்? என்ன செய்யலாம்?

இரண்டு வாரம் வரை: டயர் காற்றைச் சரிபார்க்கவும். உள்ளே உணவு இல்லாமல் சுத்தம் செய்யவும். வேறெதுவும் தேவையில்லை.

ஒன்று முதல் மூன்று மாதம்: மேலே சொன்னவற்றோடு தொட்டியை நிரப்பவும். கழுவி உலர்த்தி நிழலில் நிறுத்தவும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்ட ஆள் இருந்தால் அதுவே சிறந்த மருந்து. இல்லையென்றால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றவும் அல்லது பராமரிப்பு சார்ஜர் மாட்டவும்.

மூன்று மாதத்துக்கு மேல்: இவற்றோடு இன்ஜின் எண்ணெயை மாற்றிவிட்டு நிறுத்தவும். சமதரையில் கட்டை வைத்துக் கைப்பிரேக்கைத் தளர்த்தவும். டயரை அவ்வப்போது நகர்த்தவும். மீண்டும் எடுக்கும் நாளில் டயர் அழுத்தம், எண்ணெய், குளிர்நீர், பிரேக் மிதி, வயர்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே சாவியைத் திருப்பவும். முதல் கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதிக்கவும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய

1. வீட்டுக் காரின் நான்கு டயர்களிலும், மாற்று டயரிலும் உள்ள நான்கு இலக்க எண்ணைக் குறித்து ஒவ்வொன்றின் வயதையும் கணக்கிடுங்கள். பலரும் மறக்கும் மாற்று டயர்தான் பெரும்பாலும் வயதில் மூத்ததாக இருக்கும்.

2. பேட்டரியின் மேல் எழுதியுள்ள ஆம்பியர்-மணி அளவைப் பாருங்கள். கசியும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு, எத்தனை நாளில் பேட்டரி பாதியாகும் என்று கண்டுபிடியுங்கள். விடை கிடைத்ததும் அதைத் தாளில் எழுதி வீட்டுச் சாவிகள் தொங்கும் இடத்தில் ஒட்டுங்கள். அத்தனை நாளுக்கு மேல் காரை ஓட்டாமல் விடக்கூடாது என்பது உங்கள் வீட்டு விதி.

3. இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒரு மரத்துண்டின்மேல் இழுத்து மாட்டி வெயிலில் வையுங்கள். மற்றதை இழுக்காமல் மேசை இழுப்பறையில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எதில் வெடிப்பு, எந்தத் திசையில் வெடிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது தாத்தாவின் காரையும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டு வாருங்கள். டயரின் வயது, பேட்டரியின் வோல்ட், சாலை வரி முடியும் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கொடுங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி முழுமை, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0க்குக் கீழே போனால் அன்றே கவனிக்க வேண்டும். மல்ட்டிமீட்டர் இல்லையென்றால் பக்கத்துப் பட்டறையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.